பாதிக் கட்டணம் நாங்களே கட்டுவோம்

செயின்ட் ஆர்சென், மேய்ன்
ஜனவரி 19, ஞாயிறு

அன்பு மகள் ஜானெலுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் இல்லை. எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். நீயும் அங்கே கனெக்டிகட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்த சட்டை போட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீயும் நானும் பேசுவது என்ன என்று உனக்கே தெரியும். பனி எத்தனை அடி என்று நீ கேட்பாய், நான் சொல்வேன், உடனே "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று தள்ளிவிடுவேன். இது அப்படித் தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை.

முதலில் ஊர்ச் செய்தி. பனி சமையலறை ஜன்னலின் பாதி வரை வந்துவிட்டது. ஆறு உறைந்து போய், கனடாக்காரப் பையன்கள் பனிவண்டியில் இந்தக் கரைக்கு வந்து கத்திவிட்டுப் போகிறார்கள். கிடங்கில் உருளைக்கிழங்கு நன்றாக இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் அழுகல் கண்டது, பிரித்து எடுத்துவிட்டோம். உன் அம்மா முதியோர் இல்லத்தில் இப்போது பகல் வேலைக்கு மாறிவிட்டாள். அதனால் சாயங்காலம் சூடாக ப்ளாய் அடை சுட்டுத் தருகிறாள். எனக்கு இரண்டு அங்குலம் இடுப்பு கூடியிருக்கிறது. அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மிரெய்யின் அறிவியல் ஆசிரியை அவளை ஹாலட் முனைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். ஆம், நீ விண்ணப்பித்த அதே பள்ளிதான். பதினோராம் வகுப்பில் பாதி ஆண்டு மட்டும் கடற்கரையில் தங்கிப் படித்துவிட்டு வருவார்களே, அது. உன் தங்கைக்குக் கண்ணில் ஆசை இருக்கிறது, வாயில் இல்லை. போன வாரம் அந்தத் தாள்களை அடுப்பு பற்றவைக்கும் கூடையில் போட்டிருந்தாள். நான்தான் பார்த்து எடுத்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அக்கா சொல்லியிருக்கா. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அவங்க இடம் குடுப்பாங்க, பணம்னு வரும்போது பாதியோட கைய விரிச்சுடுவாங்கன்னு. எதுக்கு ஆசப்பட்டு அப்புறம் அழணும்?" என்றாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பாத்திரம் துடைக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி பதினைந்துக்குள் விண்ணப்பமும் கட்டண உதவிப் படிவமும் போய்ச் சேர வேண்டும். நான் சொன்னால் அவள் காதில் ஏறவில்லை. உன் பேச்சு அவளுக்கு வேதம். நீ ஒரு வார்த்தை சொன்னால் விண்ணப்பிப்பாள். இத்தனை வருடத்தில் அங்கே விதிமுறை ஏதாவது மாறியிருக்கலாம், யார் கண்டது? நீ அவளைக் கூப்பிட்டுப் பேசு. உன்னிடம் நான் அடிக்கடி எதையும் கேட்பதில்லை, இதை மட்டும் செய்.

உன் கார் பேட்டரியை மாற்றினாயா? மாற்றிவிடு. குளிரில் நட்டநடு ரோட்டில் நின்றுபோகும்.

உன் நலம் விரும்பும்,
அப்பா
லியோனல் மிஷோ

(பெயரை ஏன் முழுதாக எழுதினேன் என்று தெரியவில்லை. பாங்குத் தாளில் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகிவிட்டது.)


செயின்ட் ஆர்சென்
ஜனவரி 30, வியாழன்

என் ஜானெலுக்கு,

உன் பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால் பெட்டி அருகிலேயே, கையுறையைக் கழற்றாமல் பிரித்துப் படித்தேன். மிரெய்யிடம் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அது உன் உரிமை. அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கடைசியில் மூன்று வரி எழுதியிருந்தாயே, அதைத்தான் இரண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். "அப்பா, நீங்க மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. உங்களால முடிஞ்சத நீங்க செஞ்சீங்க. ஏமாத்தினது அவங்கதான்."

இல்லை மகளே. அவர்கள் ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான்.

எழுதிவிட்டேன். இனி நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன், அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் வரட்டும், பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

அந்தக் கட்டண உதவி மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுப்பது இல்லை. குடும்பத்தின் தேவையைப் பார்த்துக் கொடுப்பது. வீட்டில் என்ன வருகிறது, என்ன போகிறது, என்ன கடன், கடைசியில் உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்று அவர்கள் கேட்பார்கள். நாம் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. உனக்குப் பதினாறு வயது. உன் வேலையை நீ ஒழுங்காகச் செய்தாய். கட்டுரை எழுதினாய், ஆசிரியர்களிடம் கடிதம் வாங்கினாய், கடலையே பார்த்திராத பெண் கடலைப் பற்றி நான்கு பக்கம் எழுதினாய். எனக்கு இருந்தது ஒரே ஒரு படிவம்.

அப்போது நம் வீட்டில் இணையம் நொண்டி அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இரவு வேலை. அதனால் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம் என்று போனேன். அங்கே உதவிக்கு உட்கார்ந்திருந்தவர் யார்? மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியை என்ற முறையில் உன் போலீன் சித்தி. அதாவது என் பங்காளி நார்மனின் பெண்டாட்டி. அதற்கு முந்தின வருடம்தான் ஆற்றுமேட்டு நிலம் ஏலத்துக்கு வந்து, நார்மனும் நானும் போட்டி போட்டு, நான் எடுத்திருந்தேன். ரொக்கமாகக் கொடுத்து வாங்கினேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன். தேவாலய வாசலில் நார்மனிடமே சொல்லியிருந்தேன். அத்தனையும் பாங்குக் கடன். அது அம்மாவுக்குத் தெரியும், பாங்குக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

படிவத்தில் கடன் எவ்வளவு என்ற கட்டம் வந்தது. போலீன் சித்தி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அடுத்தது கடன், அத்தான்" என்றாள். நான் பூஜ்யம் போட்டேன். அதற்கடுத்துக் குடும்பம் எவ்வளவு கட்ட முடியும் என்று வந்தது. நம்மால் முடிந்தது இரண்டாயிரம் டாலர். அதுவும் ஒரு மாட்டை விற்றால். நான் பதினைந்தாயிரம் என்று போட்டேன். "பாதிக் கட்டணம் நாங்களே கட்டுவோம்" என்று வாய்விட்டும் சொன்னேன். அவள் அடுத்த கட்டத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது லாரியில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

இது மட்டும் என்றால் முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். இதற்கு மேலும் இருக்கிறது.

மார்ச்சில் அந்தப் பள்ளியிலிருந்து ஒரு அம்மா எனக்குப் போன் செய்தார். உதவித்தொகை பார்க்கிறவர், பெயர் ஹாலோவெல். நான் கிடங்கில் விதைக் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். வாங்கிப் போக வந்திருந்த நார்மன் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் நிற்கிறான். அந்த அம்மா மிகவும் தன்மையாகப் பேசினார். "மிஷோ சார், உங்க வரிக் காகிதத்துல வட்டி கட்டினதா இருக்கு, படிவத்துல கடனே இல்லன்னு இருக்கு. ஏதாவது விட்டுப்போச்சோன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். உங்க பொண்ணு எழுதினத நாங்க எல்லாரும் படிச்சோம். அவ வரணும்னு ஆசப்படறோம். இன்னும் ஒரு வாரம் இருக்கு. திருத்தி அனுப்பினீங்கன்னா மறுபடி பாத்துடலாம்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒரு நிமிஷம் இருங்கம்மா, வெளியே போய்ப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தாலே போதும். நான் நார்மனுக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தி, "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லம்மா. எழுதினது எழுதினதுதான்" என்றேன். வைத்ததும் நார்மன், "என்ன, அரசாங்கமா?" என்று கேட்டான். "இல்ல, யாரோ எதையோ விக்கறாங்க" என்றேன். இரண்டு பேரும் மூட்டையைத் தூக்கினோம்.

ஒரு வாரம் இருந்தது ஜானெல். ஏழு முழு நாட்கள். நார்மன் அன்று அரை மணியில் போய்விட்டான், அதற்குப் பிறகு என்னைத் தடுக்க யாரும் இல்லை. புதன்கிழமை லாரியில் உட்கார்ந்து அந்த எண்ணை அழுத்தினேன். ஒரு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். என்ன சொல்வது? நான் பொய் எழுதினேன் என்றா? வெள்ளிக்கிழமை நீ பள்ளியிலிருந்து வந்து, தபால் ஏதும் வந்ததா என்று கேட்டாய். வரவில்லை என்று சொன்னேன், அது உண்மைதான். ஞாயிறு பூசையில் பக்கத்தில் நீ இருந்தாய். திங்கள் கடந்துபோனது. முதலில் எழுதிய பொய்யைவிட, அந்த ஏழு நாளைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏப்ரலில் கடிதம் வந்தபோது, இடம் கிடைத்துவிட்டது என்று நீ சமையலறையில் குதித்தாய். எட்டு வயது மிரெய்யும் காரணம் தெரியாமல் கூடக் குதித்தாள். இரண்டாம் பக்கத்தில் பாதி உதவி என்று இருந்தது. நான் கேட்டதைத்தான் அவர்கள் கொடுத்திருந்தார்கள். என் வாயிலிருந்து வந்தது இது: "பாதிதான் குடுத்திருக்காங்க. நம்ம மாதிரி ஆளுங்கன்னா அவ்வளவுதான்." அந்த வாக்கியத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான். நீ அதை நம்பி, பத்திரமாக வைத்திருந்து, உன் தங்கைக்கும் கொடுத்திருக்கிறாய்.

நீ அப்போது கேட்டாய். "அப்பா, ஒரே ஒரு தடவ அவங்ககிட்ட கேட்டுப் பாக்கலாமா? நானே பேசறேன்." நான் மேஜையைத் தட்டினேன். "இந்த வீட்டுல யார்கிட்டயும் கை நீட்டறது இல்ல" என்றேன். நீ உன் அழகான கையெழுத்தில், நன்றி, என்னால் வர இயலவில்லை என்று அவர்களுக்கு எழுதினாய். அஞ்சல் தலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த செப்டம்பரில், அறுவடைக்காகப் பள்ளிக்கூடம் விடும் கிழங்கு லீவுக்கு எல்லாப் பிள்ளைகளோடும் நீயும் அறுவடை இயந்திரத்தில் ஏறினாய். பெல்ட்டில் வரும் கிழங்குக்கு நடுவே கல்லையும் கொடியையும் பொறுக்கி எறிந்துகொண்டு நின்றாய். டிராக்டரில் இருந்து அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். நீ ஒரு தடவைகூட நிமிரவில்லை. அதற்கப்புறம் படிவம் கேட்கும் எந்தக் கல்லூரிக்கும் நீ விண்ணப்பிக்கவில்லை. பள்ளி முடிந்ததும் மாமன்மார் வழியிலேயே கனெக்டிகட் தொழிற்சாலைக்குப் போனாய். நல்ல வேலை, நல்ல சம்பளம், விமான உதிரி பாகத்தில் முடி அளவு தவறு இருந்தாலும் நீ கண்டுபிடிப்பாயாம், உன் மாமன் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறான். எனக்கும் பெருமைதான். ஆனால் அது நீயாகத் தேர்ந்தெடுத்த வழியா, நான் மற்ற கதவைச் சாத்தியதால் வந்த வழியா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்கவும் துணிவில்லை.

நேற்று இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எட்டு வருஷமா என் பொண்ணு எதையுமே கேக்கறதில்லையேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். இன்று காலை காப்பி வைத்தாள், எனக்கு ஊற்றவில்லை.

மிரெய்யிடமும் நானே சொல்லியிருக்கலாம். சொல்வேன். ஆனால் உனக்கு முன்னால் அவளுக்குத் தெரிவது முறையில்லை. உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். இதற்கு மேல் என்ன செய்வது என்பது உன் கையில். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. என் மேல் உள்ள கோபத்தில் உன் தங்கையின் வழி அடைபட வேண்டாம், அதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

தலைகுனிந்து,
அப்பா


செயின்ட் ஆர்சென்
பிப்ரவரி 16, ஞாயிறு

என் மூத்த மகளுக்கு,

உன்னிடமிருந்து எனக்குக் கடிதம் இல்லை. எதிர்பார்த்தேன் என்று சொன்னால் அது பேராசை. ஆனாலும் தினமும் தபால் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். தபால்காரி என்னைப் பார்த்து, "என்ன லியோனல், லாட்டரி விழுந்திருக்கா?" என்று கேலி செய்கிறாள்.

ஏழாம் தேதி நீ மிரெய்யைக் கூப்பிட்டாய். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நானும் அம்மாவும் கீழே ஒருவரை ஒருவர் பார்க்காமல் சீட்டு ஆடிக்கொண்டிருந்தோம். கண் சிவந்து இறங்கி வந்தாள். "அப்ளை பண்ணுன்னு அக்கா சொல்லிட்டா. மொதல் தடவ படிவத்துல தப்பாப் போயிடுச்சாம், அவங்க மேல தப்பில்லயாம். இந்தத் தடவ அம்மாதான் நிரப்பணுமாம், அப்பா பக்கத்துலகூட வரக் கூடாதாம்" என்றாள். அம்மா பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். அக்கா என்னைக் கேட்டாளா என்று கேட்டேன். "கேட்டேன்ப்பா. அப்பாகிட்ட குடுக்கவான்னு. இன்னிக்கு வேணாம்னா." சரி என்றேன்.

தப்பாகப் போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். யார் செய்தார்கள் என்று சொல்லவில்லை. என்னை இன்னமும் காப்பாற்றுகிறாய். அதற்கு எனக்குத் தகுதி இல்லை, அதனால் அன்றே மிரெய்யை உட்காரவைத்து எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "தெரிஞ்சும் அவ ஒரு வார்த்த உங்கள விட்டுக்குடுக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். என் சின்ன மகளிடம் அப்படி ஒரு பார்வையை இதுவரை பார்த்ததில்லை.

விண்ணப்பத்துக்குப் பள்ளியின் கையெழுத்து வேண்டும் என்பதால் போலீன் சித்தியிடம் போக வேண்டியிருந்தது. நானே போனேன். இந்தத் தடவை கடனை எழுதப் போகிறோம், போன தடவை மறைத்தேன், ஆற்றுமேட்டு நிலம் ரொக்கத்துக்கு வாங்கியது இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அத்தான், அந்த லோன் விஷயம் ஊருக்கே தெரியும். பேங்க்ல உக்காந்திருக்கறது என் தங்கச்சி. நார்மனுக்கு ஏலம் முடிஞ்ச அன்னிக்கே தெரியும். நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் யாரும் பேசல" என்றாள். பிறகு அவளே குரல் இறங்கி, "அன்னிக்கு நீங்க பூஜ்யம் போட்டப்ப நான் கேட்டிருக்கணும். அத்தான் மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டேன். ஜானெல இங்க பாக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்" என்றாள்.

இதைக் கேட்டு நான் எப்படி இருந்திருப்பேன் என்று யோசித்துப் பார். ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற உன் பாதி ஆண்டைக் கொடுத்திருக்கிறேன். பாதி ஆண்டு மட்டும்தானா என்பதும் எனக்குத் தெரியவில்லை. நார்மனுக்கு விஷயம் தெரிந்தும் கிடங்கில் என் எதிரில் நின்று, யாரோ எதையோ விற்கிறார்கள் என்று நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறான். நம் பள்ளத்தாக்கில் எல்லோரும் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றுவோம். பிள்ளைகள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

படிவத்தை அம்மா சமையலறை மேஜையில் உட்கார்ந்து நிரப்பினாள். நான் பக்கத்தில் வரவில்லை, நீ சொன்னபடி. அடுப்பருகே நின்று அவள் கேட்ட காகிதத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். கடன் கட்டத்தில் உள்ளது உள்ளபடி போட்டாள். எவ்வளவு கட்ட முடியும் என்ற இடத்தில் ஆயிரத்து ஐந்நூறு என்று போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். போடு என்றேன். பொய் சொல்ல மாட்டேன். எட்டு வருடம் கழித்தும் அந்த எண்ணைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியில் ஒரு பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்கள். எண்களில் சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால் பெற்றோர் எழுதலாம் என்று. அதை மட்டும் நான் எழுதுகிறேன் என்றேன். அம்மா யோசித்துவிட்டு நாற்காலியைக் கொடுத்தாள். மிரெய்யைப் பற்றி ஆசிரியர்கள் எழுதிவிட்டார்கள், அதனால் நான் உன்னைப் பற்றி எழுதினேன். எட்டு வருடத்துக்கு முன் என் மூத்த மகள் ஜானெல் மிஷோவுக்கு உங்கள் பள்ளியில் இடம் கொடுத்தீர்கள் என்றும், அவள் வர மறுத்ததாக உங்கள் ஏட்டில் இருக்கும் என்றும் எழுதினேன். அவள் மறுக்கவில்லை, அவள் வர மிகவும் விரும்பினாள், உங்களிடமிருந்து போன் வந்தபோது உண்மையைச் சொல்லாதது அவள் தகப்பன், ஆகவே ஏட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டு, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதனால் மிரெய்க்குக் கெடுதலாகிவிடுமோ என்று அம்மா பயந்தாள். மிரெய்தான் அப்படியே இருக்கட்டும் என்றாள். முந்தாநாள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினோம். போய்ச் சேர்ந்தது என்று நேற்று பதில் வந்தது. முடிவு ஏப்ரலில்தான் தெரியும்.

உனக்கு அது எதையும் திருப்பித் தராது. தெரியும். உனக்கு இருபத்து நான்கு வயது. பதினாறு வயதுப் பிள்ளைகள் போகும் பள்ளிக்கு உன்னை இனி யாரும் அழைக்க மாட்டார்கள். அதை என்னால் சரிசெய்ய முடியாது. சரிசெய்ய முடியாததைச் செய்துவிட்டேன், மகளே. மன்னித்துக்கொள் என்று எழுதுகிறேன். எழுதுவது சுலபம், நீ மன்னிப்பது சுலபம் இல்லை. உனக்கு எத்தனை வருடம் வேண்டுமோ எடுத்துக்கொள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். புத்தாண்டு காலையில் வீட்டின் மூத்த பிள்ளை தகப்பன் முன் மண்டியிட்டு ஆசீர்வாதம் கேட்பது நம் வீட்டு வழக்கம். நான் என் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். நீ பதினாறு வயது வரை என்னிடம் கேட்டாய். பதினேழாவது வயதில் காய்ச்சல் என்று படுத்துவிட்டாய், அதற்கடுத்து வருடா வருடம் அன்றைக்கு வேலை இருக்கிறது என்று போனில் சொல்கிறாய். நான் ஒரு தடவையும் ஏன் என்று கேட்டதில்லை, எனக்குக் காரணம் தெரியும். இந்த வீட்டில் யாரிடமும் கை நீட்டுவதில்லை என்று மேஜையைத் தட்டியது நான்தானே. பிள்ளை கேட்காமல் தகப்பன் கொடுப்பது நம் வழக்கத்தில் இல்லை. அப்படியே எட்டுப் புத்தாண்டு போய்விட்டது.

இன்று பூசை முடிந்து வந்து, வீட்டில் யாரும் இல்லாதபோது, நீ வழக்கமாக மண்டியிடும் இடத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். நீ கேட்கவில்லை. கேட்க வேண்டாம். எட்டு வருடத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். நன்றாக இரு. யாரிடம் என்ன வேண்டுமோ கூச்சப்படாமல் கேள். என்னிடமும் கேள், திட்டுவதற்காகவாவது கேள். நான் கொடுத்ததை வைத்துக்கொள்ள மனம் வந்தால் வைத்துக்கொள், ஜானெல்.

உன் அப்பா